நாலாவது நாளும் மணல் சவாரி

அத்தியாயம் 5

வண்டியின் நாலு சக்கரத்திலிருந்தும் காற்று உஸ்ஸென்று இறங்கிக்கொண்டிருந்தது. மணலுக்குள் போகுமுன் சக்கரத்தைத் தளர்த்தாவிட்டால் வண்டி நகராது. ஓட்டுநர் ஷேர் ஜமான் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து அந்த வேலையைப் பார்க்க, ஜும்ஆ தன் முழங்கால்களைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.

முப்பத்தெட்டு வயதில் இன்றைக்குத்தான் அவன் அரைக்கால் சட்டை போட்டிருக்கிறான். பிறந்ததிலிருந்து கணுக்கால்வரை வெள்ளை அங்கி உடுத்தி வளர்ந்த துபாய்க்காரன். அந்த முழங்கால்கள் வெயிலைப் பார்த்ததே கிடையாது. விடிகாலை வெளிச்சத்தில் இரண்டும் உரித்த உருளைக்கிழங்கு மாதிரி மின்னின.

"அதை மூடிக்கடா. கண்ணு கூசுது" என்றாள் மௌஸா.

"நீதானே அக்கா டூரிஸ்ட் மாதிரி வரணும்னே."

"டூரிஸ்ட் மாதிரின்னேன். கோழி மாதிரி வந்திருக்கே."

மௌஸா அவனைவிட ஏழு வயது மூத்தவள். காணாமல் போனவற்றைத் தேடிக் கொடுப்பது அவள் தொழில். வைரத் தோடு, வாடகைப் படகு, ஒருமுறை ஒரு மாப்பிள்ளை. ஜும்ஆவின் அத்தர் கடை மூடிப்போன நாளிலிருந்து அவன் அவளுக்கு உதவியாளன். அக்கா மூளை, நான் வாய் என்பது அந்த வேலைக்கு அவன் கொடுத்திருந்த விளக்கம். இன்றைக்கு இருவரும் பஹ்ரைனிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த அக்கா, தம்பி. கறுப்பு அங்கியின் மேல் ஒரு கேமராவைத் தொங்கவிட்டதோடு அக்காவின் வேஷம் முடிந்துவிட்டது. தம்பிக்குத்தான் மானம் போயிற்று.

காரணம், தல்ஜா.

தல்ஜா ஒரு வெள்ளை ராஜாளி. அதன் விலைக்கு நாலு வீடு வாங்கலாம் என்பார்கள். குவைத்தைச் சேர்ந்த மிஷ்அல் என்பவருடைய பறவை. அதைப் பந்தயத்துக்குப் பழக்கும் பொறுப்பு கமீஸிடம் இருந்தது. கமீஸ், ஜும்ஆவின் மனைவிக்கு அண்ணன். முதலாளியும் அவனும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. தரகர் மூலம் பறவை வந்தது, தொலைபேசி மூலம் அதிகாரம் வந்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, "எப்படி இருக்கா?" என்று ஒரு குரல் கேட்கும். கமீஸ் பதில் சொல்வான்.

கமீஸ் காலையில் லஹ்பாப் செம்மணல் மேட்டில் உள்ள சுற்றுலா முகாமுக்கும் வருவான். ஜத்வா என்ற வயசான ராஜாளியை வெளிநாட்டுக்காரர் கையில் உட்கார வைத்துப் படம் எடுக்க விடுவான். படத்துக்கு ஐம்பது திர்ஹாம். மூன்று நாளைக்கு முன்பு, வரும் வழியில் பழக்குவதற்காகத் தல்ஜாவையும் கொண்டு வந்திருந்தானாம். முகாமுக்குப் பின்னால் ஒரு சுற்றுலா வண்டி மணலில் சிக்கியது. மணலில் வண்டி சிக்கினால் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையும் எழுந்து தள்ள ஓடுகிற ஊர் அது. எல்லோரும் ஓடினார்கள். பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தால், கூடாரத்து நிழலில் மணலில் நட்டிருந்த தாங்கிக்கட்டை மட்டும் இருந்தது. பறவையைக் காணோம். கால்தடம் பார்க்கலாமென்றால் நூறு பேர் மிதித்த மணல்.

நாளை விடிந்தால் பந்தயம். மிஷ்அல் நேரில் வருகிறார். பிறத்தியார் பறவையைத் தொலைத்தவனுக்கு இந்த வட்டாரத்தில் இன்னொருத்தர் ஒரு குருவிக்குஞ்சைக்கூடக் கொடுக்க மாட்டார். கமீஸுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது.

மௌஸாவிடம் இருந்தது ஒரே ஒரு நூல். சுற்றுலாக் கம்பெனியின் பதிவுப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு தொலைபேசி எண் நாலு தடவை கண்ணில் பட்டது. பறவை காணாமல் போன அன்று ஓர் இருக்கை. மறுநாள் ஓர் இருக்கை. அதற்கு மறுநாள் ஒன்று. இன்றைக்கும் ஒன்று, மூன்றாம் வண்டியில். ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெயர். அடித்துப் பார்த்தால் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"இந்த மேட்டுல ஒரு தடவை குலுங்கினாலே ஜென்மத்துக்கும் போதும்" என்றான் ஜும்ஆ. "நாலு நாளா ஒருத்தன் வர்றான்னா, அவன் குடல் இரும்பால செஞ்சதா இருக்கணும்."

"இல்லேன்னா இங்க ஏதோ வேலை பாக்கியிருக்கு."

"திருடினது கையில கிடைச்சாச்சு. அப்புறம் என்ன வேலை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன் முழங்காலைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்?"

மூன்றாம் வண்டியில் அவர்களைத் தவிர நாலு பேர். கொரியாவிலிருந்து வந்த புதுமணத் தம்பதி இருவர். சேர்ந்து பதிவு செய்தவர்கள், கழித்துவிடலாம். தனியாக வந்தவர்கள் இருவர். ஒருத்தி இங்க்ரித், சுவீடன் நாட்டுக்காரி, அறுபது வயது, ஆறடி உயரம். இன்னொருவர் கிளிப்பச்சையில் சிவப்புப் பூப்போட்ட சட்டை, ஓலைத்தொப்பி, கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு மனிதர். பெயர் கேட்டதற்கு "மார்க்கோ" என்றார். ஊர் கேட்டதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"சார், நேத்தும் இதே ஆளுங்க யாராவது வந்தாங்களா?" என்று ஷேர் ஜமானிடம் மெதுவாக விசாரித்தான் ஜும்ஆ.

"நான் நேத்துவரைக்கும் சாயங்கால வண்டி சார். வந்திருந்தாலும் எனக்குத் தெரியாது. வரும்போது எல்லாரும் வெள்ளையா இருப்பாங்க, போகும்போது எல்லாரும் சிவப்பா இருப்பாங்க. முகத்தை யார் பாக்கிறா? பெல்ட் போடுங்க. முதல் தடவையா?"

"ஆமா" என்றான் ஜும்ஆ. அது பொய்யில்லை. அவன் முப்பாட்டன் ஒட்டகத்தில் நாற்பது நாள் இந்த மணலைக் கடந்தவர். பேரனுக்கு லிஃப்டில் போனாலே வயிற்றைக் கலக்கும்.

வண்டி மேட்டின் உச்சிக்கு ஏறி, ஒரு கணம் வானத்தை மட்டும் காட்டி, அப்படியே தலைகுப்புற இறங்கியது. கொரியப் பெண் வீறிட்டாள். அவள் கணவன் அவளைவிட உரக்க வீறிட்டான். இங்க்ரித் தொடையைத் தட்டிச் சிரித்தாள். பக்கவாட்டில் சரிந்து, வழுக்கி, மறுபடி ஏறி, மறுபடி விழுந்து, ஜும்ஆவின் வயிறு எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. முந்தின ராத்திரி சாப்பிட்ட மீன்சோறு தன் இருப்பைத் தெரிவித்தது.

"ஒரு பை" என்றான்.

"இப்பவேவா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்" என்றார் ஷேர் ஜமான். நாலு நிமிஷத்துக்குள் இரண்டு பை தீர்ந்தது.

மூன்றாவது பைக்காகத் திரும்பியபோது பின்னிருக்கை அவன் கண்ணில் பட்டது. பூச்சட்டைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தார்.

"பாவம் அக்கா, அந்தாளு பயத்துல மயங்கிட்டார்."

மௌஸா திரும்பிப் பார்த்தாள். "குறட்டை விட்டுக்கிட்டா?"

முகாமில் இறங்கியதும் ஜும்ஆ தரையை மண்டியிட்டு முத்தமிடாத குறை. தகட்டில் மெல்லிய ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அதன் மேல் முட்டையை உடைத்துத் தடவும் வாசனை மற்றவர்களை இழுத்தது. அவனை மட்டும் எதிர்த்திசையில் தள்ளியது. வடமேற்கிலிருந்து காற்று கிளம்பியிருந்தது. மணல் மெல்லப் புகைந்தது.

கூடாரத்துக்கு முன்னால் கமீஸ் நின்றிருந்தான். இடது கையில் தோலுறை, அதன் மேல் கண்ணை மறைத்த தோல் தொப்பியோடு கிழட்டு ஜத்வா. அதன் ஒரு காலில் துணிக்கட்டு. தங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே கூடாது என்று மௌஸா அவனிடம் பத்து தடவை சொல்லியிருந்தாள். கமீஸ் ஜும்ஆவைப் பார்த்தான். முழங்காலைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"வாங்க... வெளிநாட்டுக்காரங்களே" என்றான்.

"மச்சான், நீ நடிக்காம இருந்தாலே போதும்" என்று பல்லிடுக்கில் சொல்லிவிட்டுப் போனான் ஜும்ஆ.

பாயில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பேரீச்சம்பழத் தட்டு வந்தது. காப்பி ஊற்றுகிறவர் பித்தளைக் குடுவையோடு சுற்றி வந்தார். கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணம். அடியில் மட்டும் கொஞ்சம் ஊற்றுவார்கள். குடித்து முடித்ததும் கிண்ணத்தை நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். நீட்டிக்கொண்டே இருந்தால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதுமென்றால் வாயால் சொல்வதில்லை. கிண்ணத்தை விரல் நுனியில் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டித் தருவார்கள். இது தெரியாத கொரிய மாப்பிள்ளை மரியாதைக்காக ஒன்பதாவது கிண்ணத்தைக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் அகன்றுவிட்டன.

இங்க்ரித் மூன்று கிண்ணம் குடித்தாள். பிறகு கிண்ணத்தை மூன்று விரலால் பிடித்து, டக் டக் என்று ஆட்டி, காப்பிக்காரரிடம் நீட்டினாள்.

ஜும்ஆவின் குமட்டல் போன இடம் தெரியவில்லை. "அக்கா, மாட்டிக்கிச்சு. சுவீடன்காரியாம். கிண்ணத்தை ஆட்டினதைப் பாத்தியா? என் பெரியம்மாகூட இவ்வளவு அழகா ஆட்ட மாட்டாங்க."

"கொஞ்சம் பொறு—"

அவன் பொறுத்தால் அல்லவா? நேரே போய் இங்க்ரித்தின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முழங்கால்கள் இரண்டும் அவள் முகத்தை நோக்கி நின்றன.

"அம்மா, உண்மையைச் சொல்லிடுங்க. இந்த ஊருக்கு இதுக்கு முன்னாடி எத்தனை தடவை வந்தீங்க?"

"வந்ததே இல்லையே" என்றாள் இங்க்ரித். "ஏன்?"

"கிண்ணத்தை ஆட்டத் தெரிஞ்சிருக்கே."

அவள் முகம் மலர்ந்தது. "சரியா ஆட்டினேனா? விமானத்துல ஏழு மணி நேரம் வீடியோ பாத்துப் பழகினேன். பக்கத்து சீட்டுக்காரருக்கு என்மேல ரொம்பக் கோபம். வயித்துல ஒண்ணும் நிக்கலையா உங்களுக்கு? நான் நர்ஸ். நாக்கை நீட்டுங்க பாக்கலாம்."

ஜும்ஆ நாக்கை நீட்டினான். வேறு வழியில்லை. பின்னால் அக்கா சிரிக்காமலிருக்கப் படும் பாடு அவனுக்கு முதுகிலேயே தெரிந்தது.

"எனக்கு ஒரே ஒரு ஏமாற்றம்தான்" என்றாள் இங்க்ரித், அவன் நாடியைப் பிடித்துக்கொண்டே. "என் சினேகிதி போன வாரம் இங்க வந்தா. அவ கையில உட்கார்ந்தது ரொம்ப அழகான பறவை. இன்னிக்கு இருக்கிறது பாவம், ஏதோ நோயாளி மாதிரி இருக்கு. இங்க பாருங்க."

கைபேசியை நீட்டினாள். மௌஸா குனிந்து பார்த்தாள். குண்டாக ஒரு சுவீடன்காரி. அவள் கையில் பால் வெள்ளையில் ஒரு ராஜாளி. ஓரத்தில் கமீஸின் தோளும் அரை மீசையும்.

மௌஸா அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். "உங்க சினேகிதி இதை வேற எங்கயாவது போட்டிருக்காங்களா?"

"எல்லா இடத்துலயும் போட்டா. எட்டாயிரம் பேர் பார்த்தாங்களாம்."

நன்றி சொல்லிவிட்டு மௌஸா தம்பியைத் தள்ளிக்கொண்டு போனாள். சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது.

"உன் மச்சான் நம்மகிட்ட முழுசா சொல்லலடா. தல்ஜா அன்னிக்கு ஒரு நாள் மட்டும் இங்க வரல. ஜத்வாவுக்குக் கால்ல புண்ணு. அது ஆர்ற வரைக்கும் ஊரான் வீட்டுப் பந்தயப் பறவையை ஐம்பது ஐம்பது திர்ஹாமுக்கு வர்றவன் போறவன் கையிலெல்லாம் உட்கார வச்சிருக்கான்."

ஜும்ஆவுக்கு ஒரு நக்கலும் வரவில்லை. நாலு வீட்டு விலையுள்ள பறவை. அதைக் கோழி மாதிரி... மச்சான், மடையா என்று மனசுக்குள் திட்டினான். வீட்டில் மனைவி இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தாள்.

"இப்ப என்ன பண்றது?"

"இப்பப் படம் எடுக்கறதைப் பாரு. வாயை மூடிக்கிட்டுப் பாரு."

படமெடுக்க வரிசை நின்றிருந்தது. சூரியன் கிழக்கே ஒரு முழம் ஏறியிருந்தது. முகத்தில் வெளிச்சம் விழ வேண்டுமென்று கமீஸ் எல்லோரையும் கிழக்கே பார்த்து நிறுத்தினான். முதலில் கொரியப் பெண். கையில் பறவை ஏறியதும் அவள் சிலையானாள். பின்பக்கமிருந்து காற்று அடித்து ஜத்வாவின் வால் இறகு கலைந்து மேலே தூக்கியது. பறவை தடுமாறிச் சிறகை அடித்தது. அவள் கீச்சென்று கத்தினாள். அடுத்து இங்க்ரித். அவளுக்கும் அதேதான். சிறகு மூக்கில் அடித்தது, அவள் அதற்கும் சிரித்தாள்.

மூன்றாவதாகப் பூச்சட்டைக்காரர். கமீஸ் தோலுறையை மாட்டிவிட்டுப் பறவையை ஏற்றினான். கிழக்கே நிறுத்தினான். நாலு எட்டுப் பின்னால் போய்க் கைபேசியைத் தூக்கினான்.

பூச்சட்டைக்காரர் வடமேற்கே திரும்பியிருந்தார்.

"சார், இந்தப் பக்கம். சூரியன், சூரியன்" என்று சைகை காட்டினான் கமீஸ்.

அவர் தலையாட்டிக் கிழக்கே திரும்பினார். கமீஸ் விரலை வைப்பதற்குள், அவர் உடம்பு தானாகவே மெல்லச் சுழன்று மறுபடி வடமேற்கே போய் நின்றது. முகம் முழுக்க நிழல். ஜத்வா மட்டும் அவர் கையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"படமெடுக்கத் தெரியாத மனுஷன்" என்றான் ஜும்ஆ.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்று கேட்டாள் மௌஸா.

"வடமேற்கேயிருந்து. ஏன்?"

"ராஜாளி வளர்க்கிறவன் பறவை கையில இருக்கும்போது எந்தப் பக்கம் பார்த்து நிப்பான்?"

ஜும்ஆவின் வாய் திறந்தது. பறவைக்கு வாலில் காற்றுப் படக்கூடாது. முகம் காற்றைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் இறகு படியும், அது அமைதியாக இருக்கும். வளர்க்கிறவனுக்கு இதை யாரும் நினைவூட்ட வேண்டாம். தூக்கத்தில் எழுப்பிக் கையில் பறவையைக் கொடுத்தாலும் கால் தானாகக் காற்றைத் தேடித் திரும்பும். கமீஸே கல்யாணப் படத்தில் அப்படித்தான் நின்றான். அவனுடைய மாமியார் இன்றுவரைக்கும் அதைச் சொல்லித் திட்டுவாள்.

"சட்டையை மாத்திட்டான், தொப்பியை மாத்திட்டான். காலை மாத்த முடியல" என்றாள் மௌஸா. "வா."

படம் முடிந்து, பூச்சட்டைக்காரர் ஈச்சம்மட்டைக் குடிசையின் பின்பக்கம் ஒதுங்கியபோது இருவரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். மௌஸா நேரே அரபியில் ஆரம்பித்தாள்.

"காலை வணக்கங்க. வெள்ளைப் பறவை சுகமா இருக்கா?"

அவர் கட்டைவிரலை உயர்த்தப் பார்த்தார். அது பாதியில் நின்றது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஐம்பது வயது, களைத்த கண்கள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். சுத்தமான குவைத்துப் பேச்சு.

"காத்து காட்டிக் குடுத்துச்சு" என்றான் ஜும்ஆ. முதலில் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தினான். "மரியாதையா பறவையைக் குடுங்க. இல்லேன்னா போலீஸ். என் அக்காவுக்குக் கோபம் வந்தா நானே பக்கத்துல நிக்க மாட்டேன்."

அவர் சட்டைக்குள் கைவிட்டு ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மௌஸாவிடம் கொடுத்தார். பறவையின் பாஸ்போர்ட். எல்லை தாண்டும் ராஜாளிக்கெல்லாம் அது உண்டு. முதல் பக்கத்தில் தல்ஜாவின் கால்வளைய எண். அதற்குக் கீழே உரிமையாளர் பெயர்.

மிஷ்அல்.

"என் பொருளை நான் எடுத்தா அதுக்குப் பேர் திருட்டாம்மா?"

ஜும்ஆவின் நெஞ்சு பழைய இடத்துக்கு இறங்கிக்கொண்டது.

"அந்தப் படம் எனக்கும் வந்தது" என்றார் மிஷ்அல். "என் பொண்ணுதான் காட்டினா. அப்பா, இது நம்ம தல்ஜா மாதிரி இருக்கேன்னு. விமானம் ஏறி வந்தேன். இந்த மாதிரி ஒரு சட்டையை வாங்கிப் போட்டுக்கிட்டு, வரிசையில நின்னு, என் பறவையை என் கையில வச்சுப் படம் எடுத்துக்க ஐம்பது திர்ஹாம் குடுத்தேன். மீதி சில்லறை இல்லேன்னு நூறா எடுத்துக்கிட்டான் உங்க ஆளு. அப்புறம் வண்டி சிக்கிச்சு. அத்தனை பேரும் ஓடினாங்க. பறவை தனியா இருந்துச்சு. தரகரோட வண்டி ரோட்டோரமா காத்திருந்துச்சு, தூக்கிக்கிட்டுப் போயிட்டேன்."

"அப்புறம் ஏன் தினமும் வர்றீங்க?" என்று கேட்டாள் மௌஸா.

"விருந்தாளிகிட்ட மூணு நாளைக்கு எதுக்கு வந்தேன்னு கேக்கக்கூடாதுன்னு நம்ம பெரியவங்க சொல்வாங்க. அதே மூணு நாளை நான் அவனுக்குக் குடுத்தேன். தினமும் காலையில வேற சட்டை, வேற தொப்பியில வந்து அவன் முகத்தைப் பாத்தேன். சாயங்காலம் போன் போட்டேன். எப்படி இருக்கான்னு கேட்டா, நல்லா இருக்கா எசமான், இப்பத்தான் வயிறு முட்டத் தின்னான்னு சொல்றான். வாய் கூசாம. பறவை இங்க நான் தங்கியிருக்கிற வீட்டுத் தாங்கிக்கட்டையில உக்காந்திருக்கு." அவர் குரல் இறுகியது. "தொலைச்சதைக்கூட மன்னிச்சிருப்பேன். மூணு நாள் முடிஞ்சது. இன்னிக்கு மதியம் புகார் குடுக்கப் போறேன். படம் என்கிட்ட இருக்கு. இனிமே இந்தக் கடலோரத்துல எவனும் அவன் கையில பறவை குடுக்கக்கூடாது."

குடிசையின் கீற்று இடுக்கு வழியாகக் கமீஸ் தெரிந்தான். இருபது அடி தூரத்தில், ஜத்வாவின் காலில் அவிழ்ந்திருந்த துணிக்கட்டை மறுபடி சுற்றிக்கொண்டிருந்தான்.

மௌஸா பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "அவன் பண்ணது தப்பு. நான் வக்காலத்து வாங்கல. ஆனா நீங்க எப்பவும் சாயங்காலம்தானே கேட்பீங்க? நாலாவது நாள் இன்னும் முடியல. இங்கேயே இப்பவே ஒரு தடவை கேளுங்க. பொய் சொன்னான்னா, புகாருக்குச் சாட்சியா நானே வந்து கையெழுத்துப் போடறேன்."

"அக்கா!" என்றான் ஜும்ஆ.

"நீ சும்மா இரு."

மிஷ்அல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை. நீங்க ஜாடை காட்டினா, இருமினா, தும்மினா, ஆட்டம் முடிஞ்சது."

கமீஸோடு தினமும் சாயங்காலம் பேசும் கைபேசியை எடுத்து அடித்தார். இருபது அடியில் கமீஸின் இடுப்பில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. ஜும்ஆவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. மச்சான், உண்மையைச் சொல்லித் தொலைடா, ஒரே ஒரு தடவை சொல்லுடா. கத்துவதற்கு வாயைத் திறக்குமுன் அக்காவின் செருப்பு அவன் கால்விரலின் மேல் ஏறி நின்றது.

"எப்படி இருக்கா?" என்றார் மிஷ்அல்.

"நல்லா... நல்லா இருக்கா எசமான்."

மிஷ்அலின் விரல் கைபேசியை அணைக்கப் போனது. மௌஸா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவர் அணைக்கவில்லை. "இன்னிக்கு என்ன சாப்பிட்டா?" என்றார்.

கமீஸ் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, மடியிலிருந்த கிழட்டுப் பறவையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தெரியாது" என்றான்.

"என்னது?"

"என்ன சாப்பிட்டான்னு எனக்குத் தெரியாது எசமான். மூணு நாளா தெரியாது. அவ என்கிட்ட இல்ல. தொலைச்சிட்டேன். இல்ல, அதுக்கு முந்தியே தப்புப் பண்ணிட்டேன். இந்தக் கிழவிக்குக் கால்ல புண்ணு, படத்துக்கு ஆள் வந்து நின்னாங்க, ஒரே ஒரு நாள்தானேன்னு அவளை உக்கார வச்சேன். அப்புறம் தினமும் வச்சேன். போலீஸுக்கு நீங்க அலைய வேண்டாம், நானே போறேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா எடுத்தவனுக்கு அவளைப் பத்தித் தெரியாதே எசமான். காடையைத் தவிர எதையும் தொடமாட்டா. வேற எது குடுத்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்குவா, பட்டினியாவே கிடப்பா. அதை நினைச்சுத்தான் தூக்கம் வரல."

மிஷ்அல் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே குடிசையைச் சுற்றிக்கொண்டு வெயிலுக்குள் நடந்தார்.

கமீஸ் நிமிர்ந்தான். பூச்சட்டை போட்ட ஒரு சுற்றுலாக்காரர் தன்னை நோக்கி வருவதைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போ போ என்று கையை வீசினான். "முடிஞ்சது சார். இன்னிக்குப் பறவை இல்ல."

"தெரியும்" என்றது கைபேசி. "தெரியும்" என்றார் எதிரில் நின்றவர். "அவ என்கிட்டதான் இருக்கா. மூணு நாளா புறா குடுக்கிறேன், தொடமாட்டேங்கிறா."

கமீஸ் கைபேசியைப் பார்த்தான். அவர் வாயைப் பார்த்தான். விஷயம் அவனுக்குள் இறங்க வெகு நேரம் ஆயிற்று. அவர் யார் என்பது கடைசியாகத்தான் இறங்கியது. முதலில் இறங்கியது வேறு.

"புறாவா?" என்று துள்ளி எழுந்தான். "யாராவது அவளுக்குப் புறா குடுப்பாங்களா? அறிவிருக்கா உங்களுக்கு? நாளைக்குப் பந்தயத்தை வச்சுக்கிட்டு? காலையில எடை பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. தண்ணி தெளிச்சீங்களா? மூணு நாள் பட்டினின்னா நெஞ்செலும்பு துருத்தியிருக்கும், பறக்க முடியாது, ஐயோ—"

அத்தோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த கைபேசி மணலில் விழுந்தது.

"எ... எசமான்" என்றான்.

குவைத்துக்காரர் தன் சம்பளக்காரனிடம் இப்படி ஒரு திட்டு வாங்கி எத்தனை வருஷமாயிற்றோ, முகம் கன்றிப்போய் நின்றார். தொப்பியைக் கழற்றி மணலைத் தட்டினார்.

"பேசவேண்டியது நிறைய இருக்கு. பந்தயம் முடியட்டும், உக்காந்து பேசலாம்" என்றார். "இப்ப இந்நேரத்துக்கு எங்க கிடைக்கும் காடை? அதைச் சொல்லு முதல்ல."

கமீஸ் தன் வண்டியை நோக்கி ஓடினான். பின்கதவைத் திறந்து ஒரு பனிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்தான். உள்ளே வரிசையாக ஆறு காடை, உரித்துச் சுத்தம் செய்து, அன்று காலையில் வாங்கிய புதுசு.

மிஷ்அல் பெட்டியையும் அவனையும் பார்த்தார். "பறவையே இல்லாம இதை யாருக்குடா வாங்கினே?"

"தினமும் வாங்கறேன் எசமான்" என்றான் கமீஸ். "வந்தான்னா பசியோடதானே வருவா."